ஒற்றுக்கும் இடம் வேண்டும்



பத்தாம் ஆண்டு விழாவில் யாப்பைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஒரு தேர்வைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் வட்டத்து இளைஞர் ஒருவர் இதழியல் பயில்கிறார். செய்தித் திருத்தமும் பக்க அமைப்பும் அவருடைய இறுதித் தேர்வின் கடைசித் தாள். முன்பு ஒரு நாளேட்டில் பிழை திருத்தியவன் என்பதால் என்னை நாடி வந்தார்.

முதன்மைச் செய்தி முதல் வாக்கியத்தில் வரவேண்டும். கடைசி வாக்கியங்களை வெட்டினாலும் செய்தி குலையக்கூடாது. இவற்றையெல்லாம் அவர் நன்கு படித்திருந்தார். ஆகவே நேரே பயிற்சியில் இறங்கினோம். கனகம்மாசத்திரத்தில் குடிநீர் கேட்டுச் சாலை மறியல் என்று நானே ஒரு செய்தியைப் புனைந்து, ஒற்றைப் பத்தி அகலத்தில் தலைப்பிடச் சொன்னேன். ‘திருத்தணி அருகே மறியல்’ என்று எழுதினார்.

“நம் ஊர்ப் பெயர் எங்கே, தம்பி?”

“பத்தியில் அடங்கவில்லை, ஐயா.”

உண்மைதான். நம் ஊர்ப் பெயரில் 10 எழுத்துகள். கட்டளைக் கலித்துறைக்கு எண்ணுவது போல் ஒற்று நீக்கி எண்ணினால் 7. அச்சிலோ புள்ளி தலைமேல் அமர்கிறதேயன்றி, மெய்யெழுத்து தன் அகலத்தில் ஓர் இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை. ‘மா’வின் காலும் தனியிடம் கேட்கிறது, ஆக 11 இடங்கள். செவிக்கு ஒரு கணக்கு, கண்ணுக்கு ஒரு கணக்கு. கவிஞர்கள் தலைப்பிடத் தடுமாறுவது இதனால்தான் என்பது என் எண்ணம். (தலைப்பில் வல்லினம் மிகாததற்கு உதவி ஆசிரியர்களை வைகிறோமே, அவர்களுக்கும் இந்த இடநெருக்கடிதான்.)

தேர்வாளர் அந்தத் தலைப்புக்கு முழு மதிப்பெண்ணும் தருவார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாள் நம் மாநிலத்தோடு இணைந்தது எளிதில் நடந்ததன்று. தமிழாசிரியர் மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். ம.பொ.சி. ஒருகாலத்தில் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அந்த வடக்கெல்லையில் உள்ள ஓர் ஊர், தன் செய்தியிலேயே வேறோர் ஊரின் ‘அருகே’யாகிவிடலாமா?

கணினியில் எழுத்தைச் சற்றுச் சுருக்கிவிடலாமே என்றார். ஆகாது என்றேன். நசுங்கிய பெயர் இல்லாத பெயரினும் கொடிது.

நெடுநேரம் பென்சிலோடு அமர்ந்திருந்தார். பிறகு அச்செய்தியை இரண்டு பத்தி அகலத்துக்கு விரித்து, ‘கனகம்மாசத்திரத்தில் மறியல்’ என்று ஒரே வரியில் எழுதினார். விரித்ததற்கு இடம் வேண்டுமே! அதே பயிற்சிப் பக்கத்தின் அடியில், நம் வட்டத்துக் கவியரங்கச் செய்தி ஒன்றையும் வைத்திருந்தேன். அதை முறைப்படி கீழிருந்து வெட்டினார். பாடிய கவிஞர்களின் பெயர்கள் அத்தனையும் போயின. என் பெயரும் அவற்றுள் ஒன்று.

வெட்டியது சரியே என்று கையெழுத்திட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். வரும் திங்கட்கிழமை அவருக்குத் தேர்வு.