பேலஸ் ரோட்டில் ஒரு முதலியார் வீடு



பெங்களூர் அரண்மனை என்று சொன்னால் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் வசந்த நகருக்குக் கொண்டுபோய் விடுவார். டூடர் பாணிக் கோபுரங்களோடு நிற்கும் அந்த அரண்மனை முதலில் ஒரு வாத்தியாரின் சொத்து. பிற்பாடு சென்ட்ரல் காலேஜ் ஆன பள்ளியின் முதல் தலைமையாசிரியர் கேரட் பாதிரியாரிடமிருந்து 1873இல் 40,000 ரூபாய்க்கு, சிறுவராக இருந்த சாமராஜேந்திர உடையாருக்காக அதை வாங்கினார்கள். 1878இல் அரண்மனைக் கட்டுமான வேலை முடிந்தது. அதே பேலஸ் ரோட்டில் இன்னொரு மாளிகையின் கதை தலைகீழ். மைசூர் யுவராஜாவிடம் இருந்த அதை மாணிக்கவேலு முதலியார் என்ற சுரங்க முதலாளி வாங்கினார். வாத்தியார் சொத்து அரண்மனையாயிற்று. யுவராஜா சொத்து முதலியார் வீடாயிற்று. நான் பேச வந்தது இந்த இரண்டாவது வீட்டைப் பற்றி.

மாணிக்கவேலு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வசதியான வீட்டில் பெண் எடுத்தார். கணவனும் மனைவியுமாக மாங்கனீஸ், குரோமியம் சுரங்கத் தொழிலில் இறங்கிச் செல்வந்தர் ஆனார்கள். எஃகைக் கடினமாக்க மாங்கனீஸ் வேண்டும், துருப்பிடிக்காமல் காக்க குரோமியம் வேண்டும். உலகம் இரும்பைத் தின்ற காலத்தில் மைசூர் மண்ணுக்கு அடியில் இந்த இரண்டும் கிடந்தன. அந்தப் பணம்தான் யுவராஜாவின் வாசலுக்கு வந்து நின்றது.

கையில் காசு சேர்ந்தவன் ராஜா வீட்டு முகப்புக்கு ஆசைப்படுவது நம் ஊரோடு நிற்கிற விஷயமில்லை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரோக் பாணி கோயிலுக்கும் அரசனுக்கும் உரியதாக வளர்ந்தது. வியாபார நகரங்களில் அதை ஊர்ப் பெரியவர்கள் தம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் லைப்ஸிக் நகர மேயர் ரோமானுஸ் 1701 முதல் 1704 வரை கட்டிய வீடு அப்படிப்பட்டது. கட்டடக் கலைஞர் ஃபுக்ஸ். அடுக்கடுக்காய் ஜன்னல்கள், சுவரோடு ஒட்டிய தூண்கள், தெருமுனையில் வணிகர் தெய்வமான ஹெர்மஸ் சிலை. ஊருக்குத் தெருவிளக்கு போட்ட மேயரும் அவர்தான். ஆனால் நகராட்சியின் பெயரில் போலிக் கடன்பத்திரம் எழுதியதாக 1705இல் கைதானார். 1746இல் இறக்கும்வரை கோனிக்‌ஷ்டைன் கோட்டையில் சிறை. கட்டிய வீட்டில் அவர் குடியிருந்த காலம் சொற்பம். பெயர் மட்டும் அவருடையதாகவே நிற்கிறது: இன்றும் அது ரோமானுஸ் வீடுதான்.

நம் மாணிக்கவேலு மாளிகையை பரோக் என்று நான் சொல்ல மாட்டேன். அது அந்தப் பாணியின் அடங்கிய தம்பி. வெளுத்த சுவர், வண்டி வந்து நிற்கும் போர்டிகோ, கிரேக்க ரோமானிய வாடையில் வரிசைத் தூண்கள், நெடிய ஜன்னல்கள், உள்ளே மாடிக்கு ஏறும் மரப்படி. கண்டோன்மென்ட் பக்கத்துச் சாதாரண பங்களாக்களில் ஜன்னலுக்கு மேல் கூம்பாக மரத்தொப்பி இருக்கும். ‘மங்கி டாப்’ என்பார்கள். அது அதிகாரியின், பென்ஷன்காரரின் வீட்டு அடையாளம். தூண் வரிசையோ தெருவைப் பார்த்து அந்தஸ்து சொல்வது. ஆனால் இந்த மாளிகை மூன்றரை ஏக்கர் தோப்புக்கு நடுவே இருப்பதால், தெருவில் போகிறவர் நின்று தேடினால்தான் தூண்கள் கண்ணில் படும். எனக்குப் பிடித்ததே அந்தக் கூச்சம்தான்.

பெயர் நிற்பதைப் பற்றிப் பேசும்போது, பெங்களூரின் இன்னொரு முதலியாரான ஆற்காடு நாராயணசாமி முதலியாரையும் சொல்லியாக வேண்டும். கப்பன் பூங்காவில் ஹைகோர்ட் நடக்கும் செந்நிற அட்டார கச்சேரியைக் கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் அவர், 1868இல் முடித்தார். அந்தக் கட்டடத்துக்கு அவர் பெயர் வரவில்லை, உள்ளே இருந்த பதினெட்டு இலாகாக்களின் கணக்கே பெயராயிற்று. 1873இல் அவர் தொடங்கிய ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளியில்தான் அவர் பெயர் வாழ்கிறது, அதுவும் வெறும் எழுத்துகளாக. கட்டியவர் பெயர் கட்டடத்தில் நிற்கவில்லை. பேலஸ் ரோட்டில் விலைக்கு வாங்கியவர் பெயர் நின்றுவிட்டது. இதில் நியாயம் தேடிப் பயனில்லை.

முதலியார் கையிலும் அந்த வீடு நிலைக்கவில்லை. நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு கைக்கும், 1964இல் வீட்டு வசதி வாரியத்துக்கும் போயிற்று. 2000இல் மத்திய கலாசார அமைச்சகம் குத்தகைக்கு எடுத்தது. கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மன் புதுப்பித்த பின் 2009 பிப்ரவரியில் தேசிய நவீன கலைக்கூடமாகத் திறந்தார்கள். இதே அமைப்பின் டெல்லிக் கலைக்கூடம் ஜெய்ப்பூர் மகாராஜாவின் வீட்டில் இருக்கிறது. மும்பையில் பார்சிச் செல்வந்தர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் பெயரிலான மண்டபத்தில். பெங்களூருக்கு வாய்த்தது தமிழ் முதலியார் வீடு.

வீட்டைக் கலைக்கூடமாக்குவதில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். ஓவியத்துக்கு வெறுஞ்சுவர் வேண்டும். நாலு பக்கமும் கதவும் ஜன்னலுமாக இருக்கிற அறையில் படத்தை எங்கே மாட்டுவது? பின்புறம் 1,260 சதுர மீட்டரில் தனிக் கூடம் எழுப்பியது நல்ல முடிவு. பெரிய கான்வாஸ்கள் அங்கே போயின, முன்வீடு வீடாகவே இருக்க முடிந்தது. இடித்துப் பெரிதாக்கியிருந்தால் இன்று இதைப் பேச விஷயமே இருந்திருக்காது.

ஒரு குறை மட்டும். ஓவியரைப் பற்றி அட்டை எழுதி வைக்கிறார்கள். சுரங்கத்தையும் யுவராஜாவையும் பற்றி வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு பலகை வைக்கலாம். இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையே அதற்கு மனுக் கொடுத்தால் நான் கையெழுத்திடத் தயார். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போகிறவர்கள் படங்களைப் பார்த்துக் களைத்த பின், அந்த மரப்படியில் ஒருமுறை மெதுவாக இறங்கிப் பாருங்கள்.