பேருந்தின் முகப்பில் மிதிவண்டி



பெங்களூரில் வாழும் நமக்குப் பேருந்துப் பயணத்தைவிடப் பெருந்தொல்லை, வீட்டுக்கும் நிறுத்தத்துக்கும் இடையிலுள்ள தொலைவே. 3 கிலோமீட்டரை நடந்து கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். மிதிவண்டிக்குக் கால் மணி போதும். ஆனால், பேருந்தைவிட்டு இறங்கும் இடத்திலும் அதே தொல்லை காத்திருக்கிறதே!

இதற்கு எளிய வழியொன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 1990களிலேயே பேருந்துகள் அனைத்தின் முகப்பிலும் மிதிவண்டி தாங்கிகளைப் பொருத்தினர். நம் பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகமும் 2021ஆம் ஆண்டில் சில பேருந்துகளில் அவ்வாறு பொருத்தியது. ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு, மடிந்திருக்கும் தாங்கியைத் தாழ்த்தி, சக்கரங்களை அதில் நிறுத்திக் கொக்கியை மாட்டினால் வேலை முடிந்தது.

ஒரு பேருந்தில் 2 வண்டிகளுக்கே இடம். அதற்கா இத்தனை பாடு என்பர் சிலர். இரவில் பணி முடிந்து திரும்பும் நம் வீட்டுப் பெண்ணுக்கு, அவ்விரண்டில் ஓரிடம் கிடைத்தாலும் இருளில் தனியே நடக்கும் தொலைவு குறையுமன்றோ?

ஆயின், எந்தப் பேருந்தில் தாங்கி வரும் என்பது தெரியாவிடில், வண்டியுடன் எவர் காத்து நிற்பார்? வெறுமையாய்க் கிடக்கும் தாங்கியோ வீண் செலவென்றே கருதப்படும். ஆகவே, ஒரே வழித்தடமாயினும், அதில் ஓடும் எல்லாப் பேருந்துகளிலும் தாங்கி வேண்டுமெனக் கேட்போம். கிடைத்தபின், அதைப் பயன்படுத்திக் காட்டுவதும் நம் கடனே.