சுடுகாட்டுப் பூவும் புற்றுநோயும்

(கீழவைப்பாரில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் கடவுளைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேச வரவில்லை. உங்கள் பக்கத்துத் தரிசிலும், மணற்காட்டிலும், இடுகாட்டு ஓரத்திலும் தானே முளைத்துக் கிடக்கும் ஒரு செடியைப் பற்றிப் பேசப் போகிறோம். "செடிக்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தச் செடிக்கு இரண்டு பெயர். நந்தவனத்தில் நின்றால் நித்தியகல்யாணி. சுடுகாட்டில் நின்றால் சுடுகாட்டு மல்லி. ஒன்று மங்களமாம், மற்றொன்று அமங்கலமாம்! விதை ஒன்று, இலை ஒன்று, பூ ஒன்று. பெயர் மாத்திரம் இரண்டு. மனிதனிலேயே மேல்சாதி, கீழ்சாதி என்று பெயர் வைத்தவர்கள் செடியை மாத்திரம் விட்டுவிடுவார்களா?

இந்தச் செடியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. ஜமைக்கா நாட்டில் ஜனங்கள் இதன் இலையைக் கொதிக்கவைத்து நீரிழிவுக்குக் குடித்து வந்தார்கள். 1952-இல் அங்கிருந்து வந்த சிறிது இலையைக் கனடாவிலிருந்த ராபர்ட் நோபிளுக்கு அவருடைய சகோதரரான ஒரு டாக்டர் அனுப்பினார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறையவில்லை. ஆனால் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைந்தன. "வெள்ளை அணுக்கள் அளவின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவாதா?" என்று அவர்கள் கேட்டார்கள். நோபிளும் சார்லஸ் பீரும் ஆராய்ந்து 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஆராய்ந்தவர்கள் இதே இலையிலிருந்து வின்கிரிஸ்டின் என்பதையும் எடுத்தார்கள். அதற்கு 1963-இல் அங்கு அனுமதி கிடைத்தது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே அமையும் நுண்ணிய நூல்களை இம்மருந்துகள் அமையவிடாமல் செய்கின்றன. அதனால் புற்றணு பெருக முடியாமல் மடிகிறது.

அந்நாளில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை சில மாதங்களில் செத்துப்போகும். இன்று வின்கிரிஸ்டினைப் பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் நல்ல மருத்துவமனைகளில், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் இரத்தப் புற்றுநோய் வகையில் 10 பேரில் 8 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். இதை எந்த மகானும் கனவில் வந்து சொல்லவில்லை. ஒன்றை நினைத்துத் தேடினார்கள், வேறொன்றைக் கண்டார்கள், கண்டதை மறைக்காமல் சோதித்தார்கள், அவ்வளவுதான்.

"இதெல்லாம் நம் முனிவர்கள் அன்றே ஓலையில் எழுதி வைத்ததுதான்" என்று சிலர் புறப்படுவார்கள். எழுதி வைத்திருந்தால் அத்தனை காலமும் குழந்தைகள் ஏன் செத்தார்கள்? அதுமாத்திரமல்ல, நாம் பேசியதைக் கேட்டு நாளைக்கே இந்த இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துவிடாதீர்கள்! பச்சை இலையில் நஞ்சு எவ்வளவு என்று யாருக்கும் அளவு தெரியாது. நரம்பும் இரத்தமும் கெடும். அளந்து கொடுத்தால் மருந்து, அளக்காமல் கொடுத்தால் விஷம்.

இன்னொன்று கேட்கிறோம். மூன்று வயதுக் குழந்தைக்குப் புற்றுநோய் வந்தால் "முன்ஜென்ம வினை" என்கிறார்களே, அந்தக் குழந்தை யாரைக் கெடுத்தது? கோயிலானாலும், மாதா கோயிலானாலும், தர்காவானாலும் நேர்ந்துகொண்டு கழிக்கும் ஒவ்வொரு வாரமும் நோய்க்கு லாபம், குழந்தைக்கு நஷ்டம். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அதற்காக அவர் கோயில் கட்டவில்லை. 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இனி, செடியைக் காக்கும் விஷயத்திற்கு வருவோம். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவும் காட்டிலிருந்தே பிடுங்கியிருந்தால் செடி என்னவாகும்? நம் தென்மாவட்டங்களின் மானாவாரி உழவர்கள் இதை விதைத்துப் பயிராக்கினார்கள். ஆடு மாடு கடிப்பதில்லை. வறண்ட மண்ணிலும் வருகிறது. மருந்தும் கிடைத்தது, செடியும் பிழைத்தது.

எல்லா மரத்திற்கும் இந்த நல்ல காலம் வரவில்லை. இமயமலையின் 'யூ' மரத்திலிருந்து டாக்சால் என்ற புற்றுநோய் மருந்து கிடைக்கிறது என்றறிந்ததும், மெதுவாக வளரும் அந்த மரங்களைப் பட்டைக்கும் இலைக்குமாகப் பாழாக்கினார்கள். மேற்குமலைத் தொடரில் கேம்ப்டோதெசின் என்ற பொருளைத் தரும் மரத்தையும் வெட்டிச் சாய்த்தார்கள். பொன்முட்டை வேண்டும், வாத்து வேண்டாம் என்றால் இது புத்தியா?

இக்கரையிலுள்ள உங்களுக்கு இதை நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப்பின் போதிய சிப்பி சேரவில்லை; குளிப்பும் நடக்கவில்லை. போனதை எந்த ஜெபம் திருப்பிக் கொண்டுவந்தது?

ஆகவே தோழர்களே! களை என்றும், அமங்கலம் என்றும் நாம் தள்ளும் செடிகளில் எதில் எந்த மருந்து இருக்கிறதென்று இன்னும் சோதித்து முடியவில்லை. சோதிக்கும் முன்பே அழிப்பது, படிக்கும் முன்பே புத்தகத்தைக் கொளுத்துவதாகும். மருந்துச் செடியை வேரோடு பிடுங்கி விற்காதீர்கள், விதைத்து வளருங்கள். உழவர்கள் ஒன்றுசேர்ந்து நியாய விலை கேளுங்கள். குழந்தைக்கு ஓயாத காய்ச்சலும், உடல் வெளுப்பும், காரணமில்லாமல் இரத்தக் கட்டும் கண்டால் மந்திரிப்பவனைத் தேடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பவேண்டாம். விசாரியுங்கள், சிந்தியுங்கள், சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.