பார்வையாளர் மேடைக்கு அடியில் ஓர் அணு உலை



கார்த்திகைத் தீபத்தன்று நம் மலை உச்சியில் கொப்பரையில் நெருப்பு ஏறுகிறது. நாளும் நேரமும் ஊருக்கே தெரியும். சுற்றுவட்டாரமே காத்திருந்து கும்பிடுகிறது. ஊரறிய ஏறும் நெருப்பைப் பார்த்துப் பழகிய அடி அண்ணாமலை மக்களாகிய உங்களிடம், ஊரறியாமல் மூட்டிய ஒரு நெருப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இடம், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம். நம்மவர், வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் பணியாற்றிய அதே பல்கலைக்கழகம்தான். அங்கே ஸ்டாக் ஃபீல்டு என்ற அமெரிக்கக் கால்பந்து மைதானம் இருந்தது. 1939-இல் பல்கலைக்கழகம் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. கல்லால் கட்டிய மேற்குப் பார்வையாளர் மேடை வெறிச்சோடியது. அதற்கு அடியில் பந்தாட்டக் கூடம் ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் அந்தக் கூடத்துக்குள்தான் உலகத்தின் முதல் அணு உலை எழும்பியது.

ஊருக்கு வெளியே, ஆர்கான் காட்டுப் பகுதியில் கட்டுவதாகத்தான் திட்டம். தொழிலாளர் பிரச்சினையால் அங்கே கட்டடம் தாமதமானது. அணுகுண்டு செய்வதில் ஜெர்மனி முந்திவிடுமோ என்ற பயம் வேறு. “நகரத்துக்குள்ளேயே செய்துவிடலாம், என் கணக்கு தப்பாது” என்ற நிலையில் நின்றார் உலையைக் கட்டிய இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி. திட்டத்தின் தலைவர் ஆர்தர் காம்ப்டன் சம்மதித்தார். பல்கலைக்கழகத் தலைவரிடம்கூட அவர் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும்!

1942 நவம்பர் நடுவில் வேலை தொடங்கியது. யுரேனிய அணு பிளவுபடும்போது நியூட்ரான்கள் சிதறும். அவற்றின் வேகத்தைக் கிராஃபைட் தணித்தால், அவை அடுத்த அணுக்களைப் பிளக்கும்; இதுதான் தொடர்வினை. ஆகவே கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் 57 அடுக்குகளாக அடுக்கினார்கள். கட்டி சுமந்தவர்களில் பலர் ராணுவ அழைப்புக்குக் காத்திருந்த அக்கம்பக்கத்து இளைஞர்கள். முகமெல்லாம் கரித்தூள் அப்பியது. என்ன கட்டுகிறோம் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

டிசம்பர் 2, பிற்பகல் 3.25. நியூட்ரான்களை விழுங்கும் காட்மியத் தண்டை ஃபெர்மி சொல்லச் சொல்ல வெளியே இழுத்தார்கள். தொடர்வினை தானே நடந்தது. கிடைத்த திறன் அரை வாட். ஒரு டார்ச் லைட்டுக்குக்கூடப் போதாது. கதிர்வீச்சைத் தடுக்கச் சுவர் இல்லை, குளிர்விக்க ஏற்பாடும் இல்லை. ஆபத்து வந்தால் அவசரகாலத் தண்டின் கயிற்றை வெட்ட ஒருவர் கோடரியோடு நின்றார். காட்மியக் கரைசலை ஊற்ற மூன்று பேர் மேலே நின்றார்கள். வெளியே பல லட்சம் பேர் வாழும் நகரம், வழக்கம்போல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபெர்மியின் கணக்கு தப்பவில்லை. அந்த அறிவை நான் வணங்குகிறேன். ஆனால், கணக்கு சரியாக இருந்ததால் மறைத்ததும் சரியாகிவிடுமா? அந்தக் கூடத்தில் நிரூபித்த வழியில்தான் பிறகு பெரிய உலைகளில் புளூட்டோனியம் பிறந்தது. 1945 ஆகஸ்ட் 9 அன்று அது குண்டாகி நாகசாகியில் விழுந்தது.

சிகாகோ உலை இயங்கி 42 ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பர் 2-ஆம் தேதி இரவு. ஊர் போபால். தொழிற்சாலைத் தொட்டியிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. எந்த விஷம், எப்படித் தப்புவது என்று பக்கத்துக் குடிசைகளில் தூங்கியவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். சிகாகோவில் கணக்கு காப்பாற்றியது. போபாலில் காப்பாற்ற ஒன்றுமில்லை. இரண்டு ஊர்களிலும் மக்களை யாரும் கேட்கவில்லை என்பதே பொது.

சிகாகோவில் 1957-இல் அந்தப் பார்வையாளர் மேடையை இடித்தார்கள். இன்று அங்கே ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பம் நிற்கிறது. எல்லாம் முடிந்த பிறகு ஊருக்குத் தெரிவித்த தகவல் அது!

நமக்கு அப்படி வேண்டாம். போர் என்ற சாக்கு இன்று இல்லை. இந்த மண்ணில் ஆலை வரட்டும், கிடங்கு வரட்டும், வேலைவாய்ப்பும் வரட்டும். ஆனால் என்ன வருகிறது, அதில் என்ன ஆபத்து, விபத்து நேர்ந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்று முன்கூட்டியே கேளுங்கள். அதற்குத்தான் ஆகஸ்ட் 15-க்கும் அக்டோபர் 2-க்கும் கிராம சபை கூடுகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து கேள்வி கேளுங்கள், பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.