தேகப்பயிற்சியைத் தொடங்கும் முறை

(புதுமடத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

"நாற்பது கடந்தபின் ஓட்டமும் யோகமும் எதற்கு?" என்று நம்மவருட் பலர் வினவுகின்றனர். அதற்கு இருவர் வாழ்க்கையே தக்க விடையாம். பஞ்சாபிற் பிறந்து இலண்டனிற் குடியேறிய பௌஜா சிங், கடவுச்சீட்டுக் கணக்கின்படி 89 வயதில், 2000-ஆம் ஆண்டிலே முதன்முதலாக 42 கிலோமீட்டர் மாரத்தானை ஓடி முடித்தார். இளமையில் நோயால் நலிந்த பி. கே. எஸ். ஐயங்கார், 1934-இல் மைசூரிலே ஆசனம் பயிலத் தொடங்கிப் பின்னர் உலகோர்க்கு ஆசிரியராயினார்.

ஆதலின் முதுமையும் மெலிவும் பெருந்தடையல்ல, பதற்றமே பெருந்தடை. புதிதாய்த் தொடங்குவோர் முதலிற் சிலநாள் நடத்தல் வேண்டும். பின்னர் நடையினிடையே ஒவ்வொரு நிமிஷம் மெல்ல ஓடலாம். உடன் வருவோரோடு பேச இயலாதவாறு மூச்சு வாங்குமாயின் வேகத்தைக் குறைத்திடுக. நம் கடற்கரையின் உலர்ந்த மணல் காலை வருத்தும். அலை நனைத்து இறுகிய, சரிவில்லாத மணலே ஏற்றது. ஆசனத்திலும் வலி தோன்றுமிடத்தே நிறுத்துக. நீரிழிவும் நெஞ்சுநோயும் உடையார் வைத்தியரைக் கேட்ட பின்னரே தொடங்குக.

வாரத்திற்கு 150 நிமிஷமேனும் மிதமான தேகவுழைப்பு வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாடோறும் அரைமணிக்கும் குறைவான பொழுதே அது. உழைத்து ஈட்டுவோர் நோயிற் படுப்பின் குடும்பமே உடன் தளரும் என்பதை நாம் அறிவோம். ஆகவே, நாளை விடியலிலேயே தொடங்குவோமாக.