தொப்பூர் இறங்கும் முன்



தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குப் பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டினால் என்ன காத்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. தொப்பூர் கணவாய்! 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி வந்த லாரி அங்கே வரிசையாக நின்ற கார்கள் மீது மோதி நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் ஒரு பெரிய விபத்து, மறுபடியும் நான்கு உயிர். அப்போதெல்லாம் லாரிகளைப் பற்றித்தான் பேச்சு. நான் பேச வந்தது அதே சரிவில் இறங்குகிற பழைய ஜீப், பழைய வேன், பழைய கார்களின் பின்சக்கர டிரம் பிரேக்கைப் பற்றி.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு டன் எடையுள்ள கார் 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால், வெளியேற வேண்டிய சக்தி மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். 25 டன் லாரிக்கு அதைப்போல 25 மடங்கு. கியர் தாங்காத பங்கெல்லாம் பிரேக்கில்தான் சூடாகச் சேரும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர், அந்தச் சூடு முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார். இன்ஜினையும் அணைத்துவிட்டால் லாரியில் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் நின்றுபோகும். காரில் மிதிக்குத் துணை நிற்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். மிச்சமாகிற டீசலுக்குக் கொடுக்கும் விலை இதுதான்.

டிரம்முக்குள் லைனர் ஒட்டிய இரண்டு ஷூ இருக்கிறது. மிதித்தால் அவை விரிந்து டிரம்மின் உள்சுவரைப் பிடிக்கும். லைனர் தேயத் தேய இடைவெளி கூடும், மிதி ஆழமாக இறங்கும். சூடேறினால் டிரம்மும் விரிகிறது. ஷூ போக வேண்டிய தூரம் இன்னும் கூடுகிறது. பாலக்கோடு, பென்னாகரம் என்று சமதளத்தில் ஓட்டும்போது இந்தத் தளர்ச்சி தெரியவே தெரியாது. தொப்பூரிலோ வத்தல்மலை வளைவுகளிலோதான் தெரியும்.

வண்டியை நிறுத்தி வைத்து மிதித்துப் பாருங்கள். முதல் மிதி ஆழமாகப் போய், உடனே மிதிக்கும் இரண்டாவது மிதி உயரத்தில் நின்றால் பெரும்பாலும் ஷூ தளர்ந்திருக்கிறது. பஞ்சு போல அமுங்கினால் பைப்பில் காற்று. அழுத்திய கால் அசையாமல் இருக்க, மிதி மட்டும் மெல்ல இறங்கினால் எங்கோ ஆயில் கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. கடைசி இரண்டுக்கும் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் மருந்தல்ல.

இப்போது வேலை. சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பின்சக்கரம் ஓட்டும் வண்டி என்றால் கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை முழுக்க விடுவிக்க வேண்டும். பல பழைய வண்டிகளில் பேக் பிளேட்டில் ரப்பர் மூடியிட்ட ஒரு துவாரம் இருக்கும். அதற்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பல்சக்கரத்தைத் திருப்பினால் ஷூ விரியும். சக்கரம் கையால் சுற்ற முடியாமல் பிடிக்கும் வரை திருப்புங்கள். பிறகு மிதியை ஒருமுறை பலமாக அழுத்துங்கள், ஷூக்கள் நடுவில் வந்து உட்காரும். சக்கரம் தளர்ந்திருந்தால் மீண்டும் பிடிக்கும் வரை திருப்பி, அங்கிருந்து சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குப் பின்வாங்குங்கள். லேசான உரசல் சத்தம் கேட்டால் பரவாயில்லை. மறுபக்கமும் அதே அளவு.

பிற்காலக் கார்களில் இதைத் தானே செய்துகொள்ளும் அமைப்பு உண்டு. துருவும் லைனர் தூளும் சேர்ந்தால் அதுவும் இறுகிப்போகும். டிரம்மைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள், ஏர் பைப்பாலும் அடிக்காதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, அது நுரையீரலுக்கு விஷம். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். பின் பிரேக் பிடிக்கவில்லை என்று மெக்கானிக்கிடம் போனால், ஹேண்ட் பிரேக் கேபிளை முறுக்கிவிட்டு அனுப்புவது. கேபிள் இழுத்த இழுப்பில் ஷூ பாதி விரிந்தே நிற்கும்; தானாகச் சரிசெய்யும் அமைப்பு இருந்தால் அதுவும் வேலை செய்யாது. முதலில் ஷூ, கடைசியில்தான் கேபிள். மொபெட்டிலும் இதே கதைதான். பின் ராடின் நட்டை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிரேக் கை செங்கோணத்தைத் தாண்டிச் சாய்ந்துவிடும், பிடியும் குறைந்துவிடும். அப்போது மாற்ற வேண்டியது லைனரை.

பிரேக் ஆயிலையும் மறக்க வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பைப்பில் ஆவி நிற்கும், மிதி தரையைத் தொடும்.

எல்லாம் முடிந்தபின் நெரிசல் இல்லாத சாலையில், அதிகம் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பின்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒருபக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் ஷூ உரசிக்கொண்டே ஓடுகிறது. அதை இரண்டு பல் தளர்த்திவிட்டு, மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்.