கறுத்த நகமும் கிட்னி கிளினிக் கொப்பியும்



கிட்னி மாற்றிக்கொண்டு வந்தவர்கள் நமது லயங்களிலும் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இன்று பேசுகிறோம். மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளிவிடாதிருக்க ஆயுள் முழுக்க மருந்து குடிக்கிறார்கள். அந்த மருந்து உடம்பின் காவலைத் தளர்த்துகிறது. அதனால் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து அவர்களுக்குக் கூடுதல். அதில் பொல்லாதது மெலனோமா.

வெயில் படுகிற இடத்தில்தான் வருமென்று நினைக்க வேண்டாம். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரருக்கு அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியிலேயே வருகிறது. பாட்டுக்காரர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. பந்தாட்டத்தில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்தார். நாமென்றால் "கல்லுல இடிச்சிக்கிட்டேன்", "அட்டை கடிச்ச தழும்பு" என்போம். மலையேறுகிற காலுக்கு அதுவும் நடக்கிறதுதானே! ஆனால் அடிபட்ட கறுப்பு, நகம் வளர வளர நுனிக்கு நகர்ந்துவிடும். நகராமல் அகலமாகிற கறுப்புக் கோடு, பெருக்கிற மச்சம், ஆறாத புண் என்றால் சுண்ணாம்பு வைக்காதீர்கள், வெட்டாதீர்கள்.

கிட்னி கிளினிக்கில் செருப்பைக் கழற்றிக் காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். திகதி தூரமென்றால் முன்னதாகவே போங்கள். சதைத்துண்டு சோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தால் மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமில்லை. பஸ் காசும் ஒருநாள் பேரும் போகும், அவ்வளவுதான்.

அங்கே கிட்னி கொப்பியை முதலில் நீட்டுங்கள். புதிய புற்றுநோய் மருந்துகள் சில, தூங்குகிற காவலைத் தட்டி எழுப்புபவை. எழுந்த காவல் மாற்றிய கிட்னியையும் தாக்கக்கூடும். இரண்டு டொக்டர்மாரும் பேசியே முடிவெடுக்க வேண்டும். பயந்துபோய் கிட்னி மருந்தை நீங்களாக நிறுத்தினால் கிட்னி போய்விடும். வாசிக்கத் தெரியாத பெரியவர்களோடு பிள்ளை ஒன்று கூடப் போகட்டும்.